எண் மாறினால் இணைப்பு வராது

சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் கேட்டார்: "அங்கிள், நீங்கள் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்தானே? ரூட்டர், பி.ஜி.பி. எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன், வலைப்பின்னல் துறையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாத பதில் அது. அவரைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ முடித்து 1981-இல் ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தேன். டோக்கன் கருவிகளில் தொடங்கிய என் வேலை, 2019-இல் ஓய்வு பெறும்போது ஒளியிழைக் கம்பியிலும் ரூட்டரிலும் வந்து முடிந்தது. முதலில் கற்ற பாடம்தான் கடைசியிலும் உதவியது.

டோக்கன் சொல்லும் பாடம்

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக இருந்ததுதான் நீல்ஸ் பந்து டோக்கன். இரும்புப் பந்து, அது எந்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு உரியது என்று அதில் பொறித்திருக்கும். வளையத்தில் கட்டிய பையில் போட்டு ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். ஓட்டுநர் டோக்கன் கிடைத்தது என்று உடனே கிளம்பக் கூடாது. பையைத் திறந்து, இது தான் போக வேண்டிய பகுதிக்கு உரியதுதானா என்று படித்துப் பார்க்க வேண்டும். தண்டவாளம் சரி, இன்ஜின் சரி, சிக்னல் சரி. டோக்கனில் பெயர் மட்டும் வேறு என்றால் வண்டி நகராது.

இன்டர்நெட்டிலும் இதே ஏற்பாடுதான். ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள வலைப்பின்னலுக்குத் தன்னாட்சி அமைப்பு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; அதை ஏ.எஸ். எண் என்பார்கள். நம் நாட்டில் இந்த எண்களை ஐ.ஆர்.ஐ.என்.என். என்ற பதிவகம் வழங்குகிறது. இரண்டு அமைப்புகளின் எல்லை ரூட்டர்கள், "இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் மொழிதான் பி.ஜி.பி. 1989-இல் யாகோவ் ரெக்டர், கிர்க் லாஹீட் என்ற இரு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் கைத்துடைப்புத் தாளில் எழுதித் தொடங்கிய ஏற்பாடு இது.

இரண்டு ரூட்டர்கள் பேசத் தொடங்குமுன், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்களை நாம் எழுதிவைக்க வேண்டும். ஒன்று தன் எண். மற்றொன்று எதிரில் இருப்பவரின் எண். முதலில் டி.சி.பி. இணைப்பு 179-ஆம் வாயிலில் ஏற்படும். பிறகு இருவரும் ஓப்பன் என்ற செய்தியை அனுப்புவார்கள். அதில் "என் ஏ.எஸ். எண் இது" என்று இருக்கும். அந்த எண், தன்னிடம் எழுதிவைத்துள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால், ரூட்டர் உடனே ஒரு மறுப்புச் செய்தி அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த மறுப்பின் குறியீடு 2/2. முதல் 2 என்றால் ஓப்பன் செய்தியில் பிழை. இரண்டாவது 2 என்றால் எதிரியின் ஏ.எஸ். எண் தவறு. சிறிது நேரம் கழித்து ரூட்டர் மறுபடி முயலும், மறுபடி மறுக்கும். விடிய விடிய இப்படியே நடக்கும்.

2016-இல் ஓர் இரவு

நான் பணிபுரிந்த கோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் அலுவலகத்துக்கும் வேறொரு நிறுவனத்துக்கும் இடையே புதிய இணைப்பு ஒன்றை மறுநாள் காலைக்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். எதிர்முனைப் பொறியாளர் தொலைபேசியில் தம் எண்ணை இந்தியில் சொன்னார். நான் 64535 என்று எழுதிக்கொண்டேன். இணைப்பு வரவில்லை.

அன்று மதியம்தான் எங்கள் இளம் டெக்னீஷியன் ஒருவர் வழியில் ஒளியிழையை ஒட்டியிருந்தார். ஒட்டியது சரியில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் சொன்னார்: "சார், ஒளி அளவு சரியாக இருக்கிறது. எதிர்முனைக்குப் பிங் போகிறது. கம்பியில் குறை இல்லை சார்." நான் கேட்கவில்லை. கொட்டும் மழையில், நள்ளிரவில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து மறுபடி ஒட்டச் சொல்லி அனுப்பினேன். போதாததற்கு, பணியில் கவனக்குறைவு என்று அவருக்கு ஒரு மெமோவும் எழுதி மேசையில் வைத்தேன்.

ரூட்டரின் பதிவேட்டை நான் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். 2/2 என்று இருந்தது. பக்கத்தில், எதிர்முனை சொன்ன எண் பதினாறடிமானத்தில் "எப் சி 3 5" என்று இருந்தது. கடைசியில் 35 என்று கண்டதும், "நாம் எழுதியதும் 35-தானே, எண் சரி" என்று தாண்டிப் போய்விட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டுத் தாளில் கணக்குப் போட்டேன். பதினாறடிமானத்தில் எப் என்பது 15, சி என்பது 12.

15 × 4096 = 61440
12 × 256 = 3072
3 × 16 = 48
5 × 1 = 5
கூட்டினால் 64565.

எதிர்முனையின் எண் 64565. அவர் "பைன்ஸட்" என்று சொன்னதை நான் "பைந்தீஸ்" என்று காதில் வாங்கியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடக்கே குப்பை கொட்டியும் இந்தி எண்கள் நமக்கு வசப்படுவதில்லை என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடனே என் பக்கத்தில் 64565 என்று திருத்தினேன். அப்போதும் வரவில்லை! பதிவேட்டில் இப்போது "எப் சி 1 7", அதாவது 64535. எதிர்முனைக்காரரும் தம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நமக்கு உதவுவதாக எண்ணி, எங்களுக்குக் காட்டும் எண்ணை மட்டும் அதே நேரத்தில் 64535 என்று மாற்றியிருந்தார். இருவரும் திருத்தியதால் மறுபடி தவறு. தொலைபேசியில் பேசி, அவரைப் பழையபடி மாற்றச் சொன்னதும் ஒரு நிமிடத்தில் இணைப்பு எழுந்து நின்றது.

டெக்னீஷியன் தொப்பலாக நனைந்து திரும்பினார். மெமோவை அவர் எதிரிலேயே கிழித்துப் போட்டு, "தப்பு என்னுடையது தம்பி" என்றேன். "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் அந்த மெமோ நள்ளிரவிலேயே மேலே போயிருந்தால் அவருடைய பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கும். என் காது செய்த பிழைக்கு அவர் கை பழி சுமந்திருக்கும்.

சோதிக்க வேண்டிய வரிசை

1. முதலில் பிங் செய்யுங்கள். போனால் கம்பியை விட்டுவிடுங்கள்.

2. 179-ஆம் வாயில் திறக்கிறதா பாருங்கள். திறக்காவிட்டால் தடுப்புச் சுவரோ முகவரியோ காரணமாகலாம், ஏ.எஸ். எண் வரை விஷயம் வரவே இல்லை.

3. நிலையைக் காட்டும் சொல்லைக் கண்டு ஏமாறாதீர்கள். ஆக்டிவ் என்றால் வேலை செய்கிறது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இணைப்புக்கு இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். எஸ்டாபிளிஷ்டு என்று வந்தால்தான் இணைப்பு.

4. பதிவேட்டில் 2/2 இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. பதினாறடிமான எண்ணைக் கணக்குப் போட்டு மாற்றிப் படியுங்கள், கண்ணால் ஒப்பிடாதீர்கள்.

5. எது உண்மையான எண் என்று பதிவுக் கடிதத்தையோ ஒப்பந்தத் தாளையோ பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் திருத்த வேண்டும், மற்றவர் கை கட்டிப் பார்க்க வேண்டும்.

வேறு சில காரணங்கள்

கேட்ட பிழை மட்டும் இதற்குக் காரணமல்ல. இரு நிறுவனங்கள் இணைந்து ஒன்றின் எண் மாறும்போது, அண்டை வலைப்பின்னல்களில் பழைய எண்ணே இருக்கும். எல்லாரும் மாற்றும்வரை, குறிப்பிட்ட அண்டையாருக்கு மட்டும் பழைய எண்ணைக் காட்ட லோக்கல் ஏ.எஸ். என்ற வசதி உண்டு.

தொடக்கத்தில் ஏ.எஸ். எண்கள் 65535-க்கு மேல் போகவில்லை. எண்கள் தீர்ந்துவிடும் என்று 2007-இல் பெரிய எண்களுக்கு விதி வகுத்தார்கள். பெரிய எண்ணைப் புரிந்துகொள்ளாத பழைய ரூட்டருக்கு அது 23456 என்ற பொது எண்ணாகவே தெரியும். அந்தப் பழைய ரூட்டரில் எதிர்முனை எண்ணாக 23456 என்றே எழுத வேண்டும். பெரிய எண்களைப் புள்ளி வைத்து எழுதும் வழக்கமும் உண்டு. 1.10 என்றால் 65546. அதை 110 என்று எழுதினால் இணைப்பு வராது.

நிலைய அதிகாரிகள் லைன் கிளியர் கொடுக்கும்போது பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் வண்டி கிளம்பும். அன்றிரவு நான் ஐந்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லியிருந்தால் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. பிள்ளைகளே, தொலைபேசியில் எண் வாங்கினால் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்தவரைக் குறை சொல்லுமுன் பதிவேட்டைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்.