வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

அமெரிக்காவில் பல குடும்பங்கள் 'பிக்கப்' என்னும் சிறு சரக்கு வண்டியையே வீட்டு வண்டியாகவும் ஓட்டுகின்றன. கரடுமுரடான பாதையில் அடிப்பகுதி கல்லில் இடிக்காதிருக்க, சிலர் நீளமான சுருள்வில்களைப் பொருத்தி வண்டியின் உடலைச் சில அங்குலம் உயர்த்துவர். எவ்வளவு உயர்த்தலாம்? இயற்பியலைக் கேட்போம்.

உடல் உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் ஏறத்தாழ அதே அளவு உயரும். இட, வலச் சக்கரங்களின் இடைத்தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது 'நிலைப்பு எண்'. வண்டிகள் கவிழும் அபாயத்தை மதிப்பிட, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 முதல் இதனைப் பயன்படுத்துகிறது. எண் குறையக் குறைய அபாயம் கூடும்.

இடைத்தூரம் 170 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 செ.மீ. எனக் கொள்வோம்.

உயர்த்தாதபோது: 85 ÷ 70 = 1.21
2 அங்குலம் (சுமார் 5 செ.மீ.) உயர்த்தினால்: 85 ÷ 75 = 1.13
6 அங்குலம் (சுமார் 15 செ.மீ.) உயர்த்தினால்: 85 ÷ 85 = 1.00

சாலையில் மான் குறுக்கிட்டு, ஓட்டுபவர் சட்டென வண்டியைத் திருப்பும்போதுதான் இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. குழந்தைகளும் ஏறும் வண்டிக்கு, கல்லில் இடிக்காத அளவு உயரமே போதும்; தோற்றத்திற்காக ஓர் அங்குலமும் கூட்டலாகாது.

பயிற்சி: 4 அங்குலம் (சுமார் 10 செ.மீ.) உயர்த்தினால் நிலைப்பு எண் என்ன?