பால்வாடி யாருக்கு, எத்தனை மணி வரை?

“பால்வாடியா? அது இல்லாதப்பட்டவங்க பிள்ளைகளுக்கு.”

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியில் சேர்க்க வருமானச் சான்று தேவையில்லை. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இது. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இதை விரிவாக்கும்படி 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே தரும் உணவைக் குழந்தையின் உரிமையாக்கியது. பிழைக்க வந்த வெளியூர்க் குடும்பத்தின் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

“முட்டையும் சத்துமாவும் கொடுக்கிற இடம்தானே?”

உணவு அங்கன்வாடியின் ஆறு சேவைகளில் ஒன்றுதான். தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் அதில் அடக்கம்.

“காலையில் விட்டால் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொள்ளலாம்.”

வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏமாந்துபோவது இங்கேதான். சாதாரண அங்கன்வாடி நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பெண் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மையத்தை எப்போதோ பூட்டியிருப்பார்கள். இடைப்பட்ட நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி, அல்லது பள்ளிவிட்டு வரும் அக்கா. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைக்கு நிலைமை இன்னும் மோசம்: சத்துமாவு வீட்டுக்கு வரும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். பெண்கள் வேலையை விடுவதைப் பற்றிக் கவலைப்படும் அரசு முதலில் கவனிக்க வேண்டியது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான இந்த ஒன்றரை வருடத்தைத்தான். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் 2022 முதல் ஆறு மாதக் குழந்தையையும் பகலில் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு நிதி தருகிறது. ஆனால் நாடு முழுவதற்கும் வைத்த இலக்கே 17,000 காப்பகங்கள். அங்கன்வாடிகளோ ஏறத்தாழ 14 லட்சம்.

“கம்பெனியில் காப்பகம் வைப்பதும் வைக்காததும் முதலாளி மனசு.”

இல்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆண், பெண் சேர்த்து 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பக வசதி கட்டாயம் என்றது மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் அது உரிமை தந்தது.

ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் உங்கள் குடியிருப்பில் மையம் இல்லையா? கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்பதும் அதே 2006 உத்தரவுதான். கிராம சபையில் மனு கொடுங்கள். மையம் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.