மழையில் வெட்டு, வெயிலில் பூச்சு

அன்புள்ள நீலாய் வாசகருக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. அப்பா தோட்டத்தில் டிரைவராக இருந்தபோது ஓட்டிய லேண்ட் ரோவர், சீரிஸ் 3. தோட்டம் கைமாறியபோது நிர்வாகம் கழித்துப்போட்டதை அவரே வாங்கி வைத்திருக்கிறார். பிரசவ வலி கண்டவர்களை நடுச்சாமத்தில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி அது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது துருவேறித் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. தைப்பூசத்துக்குள் ஓட வேண்டும் என்பது உங்கள் ஆசை. பட்டறைக்காரர் ஒருவர், புட்டி வைத்து பெயிண்ட் அடித்துச் சீக்கிரமே தந்துவிடுவதாகச் சொல்கிறாராம். இந்த அடைமழையில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இறங்கலாம், பாதி வேலைக்கு மட்டும். வெட்டுவதையும் வெல்டிங்கையும் இப்போது செய்யுங்கள். பெயிண்ட் அடிப்பதை ஜனவரி கடைசி, பிப்ரவரி வெயிலுக்கு விடுங்கள். தைப்பூசம் தவறினாலும் பங்குனி உத்திரத்துக்கு ஓட்டலாம். புட்டிக்கார அண்ணனை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வண்டியை எது தின்றது என்று தெரியாமல் அதைக் காப்பாற்ற முடியாது.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் இந்த வண்டிகளை அழிப்பது பனிக்காலம். ரோட்டில் பனிக்கட்டி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் தெறித்து, இடுக்கில் தங்கி, எஃகைத் தின்னும். நீலாயில் பனி ஏது என்று நினைப்பீர்கள். நம் தோட்டத்திலும் உப்பு உண்டு. செம்பனைக்குப் போடும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடுதான். மூட்டை மூட்டையாக அதை ஏற்றிய வண்டியில் சிந்தியதெல்லாம் மழைநீரில் கரைந்து சேசிஸ் சட்டத்துக்குள் இறங்கியிருக்கும். குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைக்கும், எஃகின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உடைக்கும், அரித்த குழிக்குள் போய்க் குடியேறும். மேலே சுரண்டி பெயிண்ட் அடித்தாலும் அடியில் அதன் வேலை நடந்துகொண்டேயிருக்கும். பால்மரக் காலத்து வண்டியென்றால், பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தின் கேன்களும் அதில் ஏறியிருக்கலாம். போதாக்குறைக்கு, காட்டுப்பாதைச் செம்மண் சேறு அடியில் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும்.

ஆகவே கிரைண்டரைத் தொடுவதற்கு முன் வண்டியைக் கழுவுங்கள். மேலே அல்ல, அடியில். சட்டத்தின் ஓட்டைகளுக்குள் ஹோஸை நுழைத்து, வெளிவரும் தண்ணீர் செம்மண் நிறம் போய்த் தெளியும்வரை விடுங்கள். தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் சைக்கிள் ஆரக்கம்பியால் குத்தித் திறவுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுபடி கழுவுங்கள். துருப்பிடித்த வண்டியை மேலும் நனைப்பதா என்று தோன்றும். உப்பு போனால்தான் துரு நிற்கும், அது போக நல்ல தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, உங்கள் வண்டி எதனால் ஆனது என்பது. லேண்ட் ரோவர் முதன்முதலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டப்பட்டது 1948 ஏப்ரல் 30 அன்று. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை ‘பிர்மாபிரைட்’ என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அவசரகாலம் பிறந்தது. போலீஸும் ராணுவமும் தோட்டத்துத் துரைமார்களும் இந்த வண்டியில் ரப்பர்க் காடுகளைச் சுற்றினார்கள். தோட்டங்களில் அது நிலைத்தது அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய படங்களில் மட்கார்டும் கதவின் வெளித்தகடும் பெரிதாகத் தெரிகின்றன. அவை அலுமினியம், அவற்றில் செந்துரு பிடிக்காது. கதவின் கீழ் விளிம்பில் மாவுபோல் உதிர்கிற வெள்ளைப் பொடியைக் கவனித்தீர்களா? அலுமினியத் தோலுக்குள் எஃகுச் சட்டம் இருக்கிறது. இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால், அவற்றுக்கிடையே பாட்டரிபோல் மின்னோட்டம் பிறந்து அலுமினியம் அரிக்கப்படும். அந்தச் சட்டத்தைச் சீர்செய்து மறுபடி பூட்டும்போது இரண்டுக்கும் நடுவில் பெயிண்டும் சீலரும் இருக்க வேண்டும். வெறும் உலோகத்தோடு உலோகம் சேரக் கூடாது.

வண்டியின் உயிர் இருக்கும் இடங்கள் படத்தில் இல்லை. இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் எஃகுத் தடுப்பு, அதாவது பல்க்ஹெட். அதன் கால் வைக்கும் குழிகள், கதவு தொங்கும் தூண்களின் அடிப்பகுதி, கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் திறப்புகளின் மூலைகள். பிறகு சேசிஸ், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம். இவை பெட்டி வடிவிலும் மடிப்பு மடிப்பாகவும் இருப்பதால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே தகடு ஏற்கெனவே போய்விட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் இரண்டு தகடு சேரும் மடிப்பு பிதுங்கி விரிகிறது.

சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியடியில் படுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். போன இரும்பு ‘சொத்’தென்னும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தமாகக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். வட்டமே விழாத வண்டியைத்தான் நான் நம்ப மாட்டேன்.

புட்டியைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு, மறைக்கவில்லை. புட்டி சமன் செய்வதற்கான பொருள், ஓட்டை அடைப்பதற்கானதல்ல. துருவின் மேல் வைத்த புட்டி நனைந்த சாக்குபோல ஈரத்தை இரும்போடு அணைத்துக்கொள்ளும். அடுத்த மழைக்குள் கொப்புளிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிப் போவீர்கள், உள்ளே சேசிஸ் கை ஒன்று அறுந்துகொண்டிருக்கும். வெளியழகை நம்பி ஆளை ஏற்ற வைக்கிற எந்த வேலையையும் என்னால் வேலையென்று சொல்ல முடியாது.

வெட்டும்போது துருவின் எல்லையில் நிற்காதீர்கள். பளிச்சென்று நல்ல இரும்பு தெரியும்வரை போய், அதற்கப்பாலும் ஒரு விரல் அகலம் வெட்டுங்கள். மூலைகளை வளைவாக விடுங்கள், கூர்மூலையில் விரிசல் பிறக்கும். ஒட்டுத்தகட்டுக்கு அளவெடுக்க மைலோ அட்டைப்பெட்டியைவிட நல்ல பொருள் கிடையாது. அட்டையில் வெட்டி, மடித்து, பொருத்திப் பார்த்த பிறகு தகட்டில் வரையுங்கள். கால் குழிக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகடு போதும். சேசிஸுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கால் குழியில் பழைய தகட்டின் மேல் புதியதைப் படியவைத்து ஒட்டாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நடுவில் தண்ணீர் தங்கும். மிக் வெல்டிங்கில் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு நெளிந்துவிடும். சேசிஸ் வெல்டிங்கைப் பழகிய கையிடம் விடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பாட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டாங்கியை வண்டியிலிருந்தே இறக்கி வையுங்கள். நாகமுலாம் பூசிய பாகமென்றால் ஒட்டும் இடத்தில் முலாமை அரைத்து எடுங்கள். நாகப்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல்போல் வரும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அரைக்கும்போது முகமூடி கட்டாயம். சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணின் பக்கம் கிரைண்டரையும் வெல்டிங்கையும் கொண்டுபோகாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த எண் தெளிவாக இருக்க வேண்டும்.

நசுங்கிய அலுமினிய மட்கார்டைத் தட்டிச் சீராக்கப் பழைய பட்டறைக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தகட்டில் சலவை சோப்பைத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து தீயால் மெல்லச் சுடுவார்கள். சோப்புக் கோடு கறுத்ததும் தீயை எடுத்துவிடுவார்கள். அலுமினியம் சிவந்து காட்டாது, திடீரென்று உருகி விழும். எவ்வளவு சூடு போதும் என்பதை அந்தச் சோப்புதான் சொல்லும். பிறகு தகடு கைக்கு இணங்கும். வீணான துண்டொன்றில் பழகிய பிறகு உங்கள் மட்கார்டுக்கு வாருங்கள்.

இனி மழை. நம் மலேசிய மேற்குக்கரையில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சம். அப்போது வெறும் இரும்பை ஓர் இரவு விட்டாலே காலையில் பழுப்புப் படலம் படிந்திருக்கும். அன்றன்று வெட்டி ஒட்டிய இடத்துக்கு அன்றன்றே எபாக்ஸி பிரைமர் பூசிவிட்டுப் படுங்கள். ஒரே நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் திறந்தால் போதும். சமன் செய்யக் கொஞ்சம் புட்டி வேண்டுமென்றால் அது இந்தப் பிரைமரின் மேல் வரட்டும்.

மேல்பூச்சை மட்டும் இந்த ஈரத்தில் அடிக்கக் கூடாது. பெயிண்டிலுள்ள தின்னர் ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிரும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பெயிண்ட் பால்நிறமாக மங்கும். கம்ப்ரெசர் டாங்கியிலும் தண்ணீர் சேர்ந்து துப்பாக்கி வழியே தெறிக்கும். வெயில் மாதம் வந்ததும், காலை மூடுபனி விலகி, தகடு கைக்கு இளஞ்சூடாக உணரும் நேரத்தில் அடியுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சுங்கள். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அது ரப்பர் புஷ்களைக் கெடுத்து மண்ணிலும் சொட்டும்.

பாகங்களுக்குக் கேமரன் மலைப் பக்கம் விசாரியுங்கள். காய்கறித் தோட்டங்களில் இந்த வண்டிகளை இன்னும் ஓட்டுகிறார்கள். அவற்றைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும் அங்கே உண்டு. சேசிஸ் முழுக்கப் போயிருந்தால் ஒட்டுமேல் ஒட்டுப் போடாமல், நாகமுலாம் பூசிய புதுச் சேசிஸைப் பற்றி யோசிக்கலாம். செலவு கூடும், அதோடு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த முடிவு இப்போது வேண்டாம், சுத்தியல் சொல்லட்டும்.

அப்பா இன்னும் நன்றாக நடமாடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வண்டியடியில் படுக்கும் நாளில் அவரையும் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவையுங்கள். எந்தக் குறுக்குச் சட்டம் எந்த ஆற்றங்கரையில் இடித்தது, உர மூட்டையை எந்தப் பக்கம் அடுக்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். துருவைத் தேட அதைவிட நல்ல வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. பார்த்துவிட்டு, டிரைவர் பக்கத்துக் கால் குழியையும் கதவுத் தூணின் அடியையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை வட்டம் விழுந்தது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்