சிலிக்கா பூசினால் காந்தம் செத்துவிடுமா?

மக்னடைட் எனும் இரும்பு ஒட்சைட்டின் நனோ துணிக்கைக்குச் சிலிக்கா பூசினால் அதன் காந்தம் செத்துவிடும் என்ற கதை கண்டிப் பக்கம் அலுக்காமல் சுற்றி வருகிறது. பேராதனையில் பல்கலைக்கழகமும் ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் இருக்கிற ஊரில் இது இன்னும் பிழைத்திருப்பது வெட்கம். சான்றாக நீட்டப்படுவது ஒரு வகைக் கணக்குத்தான்: அதிர்வு மாதிரி காந்தமானி பூச்சுக்கு முன் கிராமுக்கு 60 இமு (காந்தத் திருப்புதிறன் அலகு) காட்டியது, பின்பு 16தான் காட்டுகிறது, மீதி எங்கே? எங்கும் போகவில்லை. 10 நனோமீற்றர் விட்டமுள்ள கருவைச் சுற்றி 5 நனோமீற்றர் தடிப்பில் சிலிக்கா படிந்தால் மொத்த விட்டம் 20 ஆகும், கனவளவு எட்டு மடங்காகும். அதில் ஒரு பங்கு மக்னடைட், ஏழு பங்கு சிலிக்கா. மக்னடைட்டின் அடர்த்தி 5.2, இவ்வகைச் சிலிக்காவினது ஏறத்தாழ 2. நிறையில் பார்த்தால் மக்னடைட் 27 சதவீதம்தான்; 60இல் 27 சதவீதம் 16. கரு துளியும் இழக்காமலே இந்த இலக்கம் வந்துவிடுகிறது. பலாப்பழத்தைத் தோலோடும் சடையோடும் நிறுத்துவிட்டுச் சுளை வற்றிவிட்டது என்று புலம்பினால் யார் கேட்பார்கள்?

“கண்ணால் பார்த்தோமே, பூசாத தூள் காந்தத்தை நோக்கிப் பாய்கிறது, பூசியது ஊர்கிறது” என்பார்கள். பார்த்தது சரி, காரணம் பிழை. பூசாத துணிக்கைகள் நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பாய்வது அந்தத் திரள். பூசியவை தனித்தனியே மிதப்பதால் மெல்ல நகர்கின்றன. விட்டம் இரட்டிப்பதால் நீரின் தடையும் இரட்டிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதை ஈடுகட்ட மெல்லிய பூச்சோ, ஓர் ஓட்டுக்குள் பல கருக்களோ போதும். எதனோல், அமோனியா, டெட்ராஎதில் ஆர்தோசிலிக்கேட் ஆகியவற்றைக் கொண்டு ஸ்டோபர் குழுவினர் 1968இல் வெளியிட்ட முறையில், கடைசிப் பொருளின் அளவைக் கொண்டே தடிப்பைக் கட்டுப்படுத்தலாம். காந்தத்தை எடுத்ததும் துணிக்கைகள் பிரிந்துவிடுவதையும் சிலர் குற்றமாகச் சொல்கிறார்கள். சுமார் 20 நனோமீற்றருக்குக் கீழே மக்னடைட் பொதுவாக அப்படித்தான், பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீரிலிருந்து பிரித்துக் கழுவி மீண்டும் பயன்படுத்த அந்தக் குணம்தானே வேண்டும்!

உண்மையான இழப்பும் சில வேளை நேர்வதுண்டு. தயாரிப்பின்போது காற்றுப் பட்டு மக்னடைட் ஒட்சியேறி மக்ஹெமைட்டாக மாறினால் பெறுமானம் இறங்கும். பழி காற்றுக்குரியது. நன்றாகப் படிந்த சிலிக்கா அந்த ஒட்சியேற்றத்தைத் தாமதப்படுத்தும், அமிலத்தையும் தடுக்கும். இரண்டு தூளிலும் ஐதரோகுளோரிக் அமிலத்தை விட்டுப் பாருங்கள்: பூசாதது கரைந்து மஞ்சளாகும், பூசியது கறுப்பாகவே நின்றால் பூச்சில் ஓட்டையில்லை. விலையுயர்ந்த மின்நுணுக்குக்காட்டிக்கு வரிசையில் நிற்குமுன் இதைச் செய்யலாம்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கொரோனாத் தடுப்பூசி போட்ட கையில் காந்தம் ஒட்டும் என்றார்கள். பைசர் ஊசியிலுள்ள நனோ துணிக்கை கொழுப்பாலானது, அதில் மக்னடைட் கிடையாது. சிலிக்கா என்றாலே நுரையீரல் நோய் என்பதும் அரைகுறை. சிலிக்கோசிஸை உண்டாக்குவது குவார்ட்ஸ் போன்ற பளிங்குருச் சிலிக்காவின் தூசி. இங்கே பூசுவது பளிங்குருவற்றது. அதற்காக உலர்தூளை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். சிலிக்கா பூசியதும் கிணற்றுநீரின் புளோரைட்டை உறிஞ்சிவிடும் என்பது வெறும் ஆசை. சாதாரண நீரில் சிலிக்காவின் மேற்பரப்பு மறையேற்றம் உடையது, புளோரைட்டும் அப்படியே, ஒன்றையொன்று விலக்கும். அதன்மேல் அலுமினியமோ அமைன் தொகுதியோ ஏற்றினால்தான் பேச்சுக்கே இடம்.

இந்தப் பூச்சுக்காக இறக்குமதிச் சிலிக்கேட்டுக்கு ஏன் பணம் கொட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்காத விடயம். அரிசி ஆலைகளில் எரிந்து குவியும் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அதை எரிசோடாவில் கரைத்தால் சோடியம் சிலிக்கேட் கிடைக்கும். அதன் காரத்தன்மையை மெல்லக் குறைத்தால் துணிக்கைமேல் சிலிக்கா படியும். மாணவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும். ஆய்வேட்டில் இமு பெறுமானத்துக்குப் பக்கத்தில் மாதிரியிலுள்ள இரும்பின் நிறைவீதத்தையும் எழுதட்டும். அது இல்லாத வரைபை மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்புங்கள்.