கவி சேர்க்கும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சிக்கு,

சவளக்கடையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போய், வயதான பெண்களிடம் நாட்டார் கவியும் ராராட்டுத் தாலாட்டும் பாடச்சொல்லிப் பதிவதாக எழுதியிருந்தாய். படித்து மனம் நிறைந்தது. மெஷின் வந்ததோடு சூடடிக்கும் களத்தில் பொலிப் பாட்டு ஓய்ந்துவிட்டது. ராராட்டுத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உன் கடிதத்தில் ஒரு வரிதான் என்னை உறுத்தியது: "எல்லாம் ஃபோனில இருக்கு, இனிப் பயமில்லை." எனக்குப் பயம் தொடங்குவதே அங்கேதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் போனதை உலகமே அறியும். எண்ணிமக் கோப்பு அழியும்போது புகைகூட எழும்புவதில்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் நமது அரசாங்கத்தின் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை, ஏறத்தாழ 5,000 அரச முகவரிகளின் மின்னஞ்சல்கள் திரும்பி வரவேயில்லை; அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்த மாதங்களுக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை, மென்பொருளும் காலாவதியான பதிப்பு. ஓர் அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், தண்ணீரில் விழக்கூடிய உன் ஃபோனை நம்பி எப்படித் தூங்குவது?

கோப்பு பத்திரமாக இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. நம் பகுதியில் கலியாணக் காட் முதல் பள்ளிக்கூட மலர் வரை பல்லாண்டுகள் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். பாமினியில் "உம்மா" என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்து பார்: சீ, கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி ஒரு கே, ஓர் எச். இதுதான் திரையில் வரும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் இது பாமினி என்று அடையாளம் கண்டு சொல்ல ஆள் வேண்டுமே. இன்னும் முப்பது வருடத்தில் யார் இருப்பார்? மலர்களைப் பக்கம் கட்டிய பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு 2001க்குப் பிறகு பெரிய புதிய பதிப்பே வரவில்லை. ஆகவே கவி வரிகளை எழுதும்போது யுனிகோடில் மட்டும் எழுது. குரலை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கேயே விட்டுவிடாதே. ரெக்கோர்டரில் வேவ் கோப்பாகப் பதிந்து, மூலத்தை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வை.

இதைவிட முக்கியமானது பெயர். நீ அனுப்பிய குரல்களில் ஒன்றை நான் மூன்று தடவை கேட்டேன். இடையில் ஒரு கோழி கொக்கரிக்கிறது, பாடியவர் சிரித்துவிட்டு அடுத்த அடியை எடுக்கிறார். அவர் யார், எந்த ஊரில் பிறந்தவர், யாரிடம் கேட்டுப் படித்தார் என்பதற்கு அந்தக் கோப்பில் எந்தத் தடயமுமில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் திகதியும் இலக்கமும்தான் கிடக்கின்றன. இன்றைக்கு உனக்கு நினைவிருக்கும். நீ மறந்தாலோ, நீயே இல்லாமல் போனாலோ, அது யாரோ ஒரு கிழவியின் குரல் ஆகிவிடும். பதிவு முடிந்த கையோடு, அவர் முன்னாலேயே, ஊரும் பேரும் நாளும் உன் குரலில் சொல்லி அதே பதிவில் சேர்த்துவிடு.

அப்படியே இன்னொன்றும் கேள்: "இதை வெளியில போடலாமா?" அறைக்குள் உன்னை நம்பிப் பாடியவர்களில் பலர் ஃபேஸ்புக்கில் ஊரே கேட்பதை விரும்பமாட்டார்கள். அவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்தான். வெளியே போடாமலும் பாதுகாக்கலாம்.

பிரதிகளை எங்கே வைப்பது? 2004 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைப் பாதை அடைபட்டுவிடும். வீட்டில் ஒன்று, கல்முனையில் ஒன்று என்று வைத்தாலும் இரண்டும் ஒரே ஆபத்துக்குள்தான் இருக்கின்றன. மூன்றாவதைக் கண்டியிலோ கொழும்பிலோ உறவினரிடம் கொடு. வருடத்துக்கு ஒரு தடவை, நோன்புக்கு முன் என்று வைத்துக்கொள், எல்லா டிஸ்க்கையும் செருகித் திறந்து கேட்டுப் பார். வருடக்கணக்கில் மேசை லாச்சியில் கிடக்கும் பென் டிரைவ் சொல்லாமல் செத்துப்போகும்.

2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம், ஒலிப்பதிவுகளுக்கு ஆவணகம் என்ற தளத்தை நடத்துகிறது. அனுமதி கிடைத்தவற்றை அவர்களிடம் ஒப்படை. ஆனால் உன் பிரதியை அழித்துவிடாதே. பிரித்தானிய நூலகமே 2023 ஒக்டோபர் சைபர் தாக்குதலுக்குப் பிறகு மாதக்கணக்கில் தன் எண்ணிமச் சேகரிப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தது. யூடியூப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். 2015 வரை ஏற்றிய கோடிக்கணக்கான பாட்டுகளை இடமாற்றத்தின்போது தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற இணையத்தளம் 2019இல் சொன்னது. பாடியவர்களால் என்ன செய்ய முடிந்தது?

புதுப் பதிவுகளை இரண்டு கிழமை நிறுத்திவை. முதலில் அந்தக் கோழிச் சத்தக் கவியைப் பாடியவரிடம் திரும்பப் போய்ப் பெயரைக் கேட்டு எழுது. மூன்றாவது டிஸ்க்கை வைக்க இடம் கிடைக்காவிட்டால் என்னிடம் அனுப்பு, நான் வைத்திருக்கிறேன்.

துஆக்களுடன்,
உன் காக்கா