சந்தனத்தை விதைப்பது யார்?

கேள்வி: ஜவ்வாது மலையில் சந்தன மரங்கள் வெட்டப்பட்டதால் பறவைகளுக்கு என்ன நஷ்டம்? அடர்ந்த காட்டில் சில மரங்களை எடுப்பது நல்லதுதான் என்கிறார்களே?
– வாசகர், போளூர்

பதில்: சந்தனப் பழம் கறுப்பு கலந்த ஊதா நிறம், உள்ளே ஒற்றைக் கொட்டை. குயில், சின்னான், குக்குறுவான் போன்றவை அதைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போடும். சந்தனக் கன்று தன் வேரால் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சாறு உறிஞ்சி வாழ்வது. பறவை உட்காரும் புதரடியில் விழுந்தால் அந்தத் துணையும் கிடைத்துவிடும். மரம் போனால் பறவைக்கு ஒரு தீனி குறையும். பறவை போனால் மரம் பரவுவதே சிரமம். திருடர்களோ அடிக்கட்டையையும் விடுவதில்லை. வேரிலும் எண்ணெய் உண்டே, தோண்டிவிடுகிறார்கள்.

நெருக்கி நட்ட தேக்குத் தோப்பில் சில மரங்களை எடுத்தால் பலன் உண்டு: வெளிச்சம் இறங்கும், கீழே செடிகள் முளைக்கும், பூச்சியும் பறவையும் வரும். ஜவ்வாது மலையின் இலையுதிர் காட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கோடையில் தானே இலை உதிர்த்து வெளிச்சம் விடும் காடு அது. மேலும் திறந்தால் உண்ணிச்செடிதான் புகும். (அதன் பழத்தையும் சின்னான்தான் பரப்புகிறது என்பது வேறு கதை.)

என் பெரிய ஆதங்கம், 'பட்ட மரம்தானே' என்று எடுப்பதில். அப்படிப்பட்ட மரங்களில் மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்த பொந்துகளில்தான் பின்னால் கிளி, மைனா, சிறு ஆந்தை குடியேறும். தலைச்சுமை விறகு பொறுக்கும் மலைவாசிகளைச் சொல்லவில்லை. லாரியோடு வருபவர்களைச் சொல்கிறேன்.