நாற்காலி நிறைந்தால் போதுமா?

நம்பிக்கை: புதுச்சேரியின் வெள்ளை நகரில் கோவொர்க்கிங் இடத்துக்குக் கட்டடம் பிடித்துவிட்டால் உறுப்பினர்கள் தானாக வருவார்கள்.

மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, உயரமான சன்னல் என்று படத்தில் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் மயங்குகிறவர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலோ பெங்களூரிலோ பஸ் ஏறுகிறவர். திங்கள் காலை அவர் இங்கே இருக்க மாட்டார். கோவொர்க்கிங் இடத்துக்கு மாதச் சந்தா கட்டக்கூடியவர் லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ குடியிருக்கிறார். வண்டி நிறுத்த இடம் தேடிப் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே தினமும் சுற்ற அவருக்குப் பொறுமை கிடையாது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில், மாடிப்படி ஏறினால் மேசை என்ற அழகில்லாத கட்டடமே அவருக்கு வசதி.

நம்பிக்கை: வேகமான இணையமும் ஏசியும் காபியும் இருந்தால் போதும்.

ஃபைபர் இணைப்பு இன்று வீட்டுக்கே வந்துவிட்டது. காபிக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் தேடுவது வேறு: இடையூறில்லாத நான்கு மணி நேரம், பிறகு பேச நாலு பேர்.

நம்பிக்கை: காலை 9 முதல் மாலை 6 வரை திறந்து வைத்தால் எல்லோருக்கும் சரியாக இருக்கும்.

புதுச்சேரியில் இது சரிப்படாது. இந்தியாவோடு சட்டப்படி இணைந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. 1889-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேசில் இன்றும் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. இப்படிப் பிரெஞ்சு கற்று, மொழிபெயர்ப்பையோ மென்பொருளையோ பாரிஸ் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கிறவர் நாம் தேடும் ஆள் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் காலை 9 அடிக்கும்போது இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அங்கே மாலை 6 என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நீங்கள் ஷட்டரை இறக்கும் நேரத்தில்தான் அவருக்கு அழைப்புகள் சூடுபிடிக்கும். அவரைக் கவர விளம்பரம் தேவையில்லை. இரவுக் காவலரும் இன்வெர்ட்டரும் போதும். தனியாக வண்டியெடுத்து வீடு திரும்பும் பெண்களுக்காகத் தெருவில் வெளிச்சம் உண்டா என்பதையும் கட்டடம் பார்க்கப் போகும்போதே கவனிக்க வேண்டும். வாடகை பேசுகிறவர்கள் பகலில் மட்டுமே போய்ப் பார்ப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நம்பிக்கை: முதலில் சலுகை விலையில் நிரப்பு, பொருத்தமானவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலி நாற்காலி பயமுறுத்தும், புரிகிறது. பிராட் நியூபெர்க் 2005 ஆகஸ்டில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இவ்வகை இடத்தைத் தொடங்கியபோது முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிலடெல்பியாவில் அலெக்ஸ் ஹில்மனும் நண்பர்களும் வேறு வழியில் போனார்கள்: கட்டடம் எடுப்பதற்கு முன்பே ஆட்களைச் சந்தித்துப் பழகிச் சேர்த்துக்கொண்டு, 2007-இல் இண்டி ஹால் என்ற கோவொர்க்கிங் இடத்தைத் திறந்தார்கள். புதுச்சேரி போன்ற சிறிய நகரில் இரண்டாவது வழிதான் எடுபடும். யாருக்கு யார் உறவு, யார் என்ன வேலை என்பது இரண்டு டீக்குள் தெரிந்துவிடும் ஊர் இது.

முதலில் சேரும் ஐந்தாறு பேர்தான் அந்த இடத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள். நாள் முழுக்க சத்தமாக போனில் விற்பனை பேசுகிற மூவர் சலுகையில் நுழைந்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏன் போனார் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார். விற்பனை பேசுகிறவர் தவறானவர் அல்ல. தனி அறை இருந்தால் அவரும் நல்ல உறுப்பினர்தான்.

ஆகவே விலைப்பலகையில் தள்ளுபடியைவிடப் பெரிதாக எழுத வேண்டியவை: எத்தனை மணிவரை திறப்பு, போன் பேச இடம் உண்டா இல்லையா, வண்டி எங்கே நிறுத்துவது. சந்தா வாங்குமுன் புதிதாக வருகிறவரை இரண்டு நாள் இலவசமாக உட்காரச் சொல்லுங்கள். எப்படி இருந்தது என்று மூன்றாம் நாள் அவரிடம் மட்டுமல்லாமல், பக்கத்து மேசைக்காரரிடமும் கேளுங்கள்.